பிரசவ லீவுப் பணம் தாமதமானால் சிறு நிறுவனம் என்ன செய்ய வேண்டும்: ஐந்தாம் மாதம் முதல் வேலைக்குத் திரும்பும் நாள் வரை முழுமையான வழிகாட்டி

ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் பத்து முதல் நாற்பது பேர் வேலை பார்க்கும் பட்டறைகளுக்கும் தையல் கூடங்களுக்கும் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். ஒரு பெண் பிரசவ லீவில் போகும்போது முதலாளிகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் "இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கொடுக்கும், நமக்கென்ன" என்று விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் மனசு கேட்காமல் மாதாமாதம் சம்பளத்தைப் போட்டுவிட்டு, பிறகு அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். முதல் வகையில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு வட்டிக்கு வாங்குகிறார். இரண்டாவது வகையில் முதலாளியின் பணமும் மாட்டிக்கொள்கிறது, அந்தப் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ.யில் வர வேண்டியதும் நின்றுபோகிறது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி, மனு போடுவதற்கு நாலைந்து மாதம் முன்பே நம் அலுவலகத்து மேசையில் உருவானவை.

1. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு உதவித்தொகையை இ.எஸ்.ஐ. கழகம் நேரடியாக அவருடைய வங்கிக் கணக்கில் போடுகிறது. முதலாளிக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. "நான் கொடுத்துட்டேன், எனக்கு அனுப்புங்க" என்று கிளை அலுவலகத்தில் கேட்டால் அதற்குப் படிவமே கிடையாது.

அந்த உரிமையை அவர் வேறு ஒருவர் பெயருக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது. கடனுக்காக யாரும் அதை ஜப்தி செய்யவும் முடியாது. அதனால் "பணம் வந்ததும் எடுத்துக்கிறோம்" என்று பாஸ்புக்கையோ ஏ.டி.எம். கார்டையோ வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அது சட்டத்துக்கும் ஆகாது, அந்த வீட்டில் உங்கள் மீது இருக்கும் நம்பிக்கைக்கும் ஆகாது.

2018 நவம்பரில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஒரு ஊக்கத்திட்டம் பற்றிப் பேசியது. மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு 26 வார லீவு கொடுக்கும் முதலாளிகளுக்கு ஏழு வாரச் சம்பளத்தைத் திருப்பித் தருவது என்பது யோசனை. திட்டம் இன்னும் ஒப்புதல் பெறும் நிலையில்தான் இருக்கிறது என்று அமைச்சகமே அப்போது விளக்கமும் கொடுத்தது. இன்றும் அந்தப் பழைய செய்தியை வாட்ஸ்அப்பில் காட்டி "ஏழு வாரம் வரும்ல?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

2. அந்தப் பெண் எந்தப் பிரிவில் வருகிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தவறாகப் போட்டால் மற்ற எல்லாப் படிகளும் தவறும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், நிறுவனம் இ.எஸ்.ஐ.யில் பதிவு: பணம் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இவர்களுக்கானது.

சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல்: 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும். எங்கிருந்தும் திரும்பி வராது. பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அவர் வேலை பார்த்திருந்தால் போதும். இவர்களுக்காக 12-ஆம் படியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

இடையில் ஒரு ஆபத்து இருக்கிறது. 20,500 வாங்கும் பெண்ணுக்கு ஏப்ரலிலோ அக்டோபரிலோ சம்பளம் 21,500 ஆனால் அவர் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போகிறார். அந்த மாதங்களுக்கு இடையில் உயர்த்தினால், நடக்கும் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச் அரையாண்டு) முடியும்வரை உள்ளேயே இருப்பார். பங்களிப்பும் கட்டியாக வேண்டும். உயர்வு கொடுக்கும் தேதி அவருடைய பிரசவத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 26 வாரம், 80 நாள் என்ற அடிப்படைகள் அப்படியே இருக்கின்றன. சம்பளம் என்பதற்கான விளக்கம் மாறியிருக்கிறது: சம்பளத்தோடு கொடுக்கும் படிகள் (அலவன்ஸ்) மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி சம்பளத்தோடு சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைப் பெருக்கி வைத்திருப்பவர்கள் ஆடிட்டரோடு ஒருமுறை உட்கார்ந்துவிடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

லீவு தொடங்கும் முன் ஒரு கோப்பு போட்டு இவற்றைச் சேருங்கள்: இ.எஸ்.ஐ. எண், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கடந்த இரண்டு பங்களிப்புக் காலத்துச் சலான்கள், அதே மாதங்களின் வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும், டாக்டர் தேதி குறித்துக் கொடுத்த சீட்டு அல்லது ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், அவருடைய பெயரில் இருக்கும் செல்போன் எண்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் பதிவு செய்த எண் கணவருடையது. அவர் லாரியில் மகாராஷ்டிராவில் இருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போகும், இங்கே மனு பாதியில் நிற்கும். இ.எஸ்.ஐ., ஆதார், வங்கி மூன்றிலும் அந்தப் பெண் கையில் இருக்கும் எண்ணே இருக்கட்டும்.

4. ஐந்தாம் மாதத்திலேயே 70 நாளை எண்ணுங்கள்

இ.எஸ்.ஐ.யில் மகப்பேறு உதவித்தொகைக்கு, முந்தைய இரண்டு தொடர்ச்சியான பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாளுக்காவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல்-செப்டம்பருக்கான பலன் அடுத்த ஜனவரி-ஜூனில். அக்டோபர்-மார்ச்சுக்கான பலன் அடுத்த ஜூலை-டிசம்பரில்.

ஒரு உதாரணம். பிரசவத் தேதி 2026 மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி மத்தியில் லீவு தொடங்கும். அது ஜனவரி-ஜூன் பலன் காலம். ஆகவே பார்க்க வேண்டியவை 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரையும், 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் 70 நாள் இருக்கிறதா என்று சலானிலேயே எண்ணுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் முதல் பலன் காலம் தொடங்கும்.

இதை ஐந்தாம் மாதத்தில் எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குறை தெரிந்தால் அப்போது சரிசெய்ய நேரம் இருக்கும். சலான் கட்டாமல் விட்ட மாதம், பெயர் விட்டுப்போன மாதம், நாள் எண்ணிக்கை தவறாக ஏறிய மாதம் எல்லாம் இந்த எண்ணிக்கையில்தான் வெளியே வரும். கட்டாத பங்களிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. நீங்கள் கட்டாததால் அவருடைய பலன் குறைந்தால், கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. தாமதத்தை அரசாங்கத்தின் மேல் போடும் முன் நம் பக்கத்தைத் துடைத்து வையுங்கள்.

மாம்பழக்கூழ் ஆலை போலப் பருவ வேலைக்கு வந்து போகும் பெண்களுக்கு இந்த எண்ணிக்கை கட்டாயம். சீசன் நாள்கள் மட்டும் வைத்து 70 எட்டுமா என்று பார்த்து, எட்டாவிட்டால் அதை அவரிடம் முன்பே சொல்லுங்கள். எட்டாம் மாதத்தில் தெரியவந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரமே இருக்காது.

5. பெயரையும் எண்ணையும் ஒன்றாக்குங்கள்

ஓசூர் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஊர்கள். ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து, வங்கியில் கணவர் பெயரின் முதல் எழுத்து, இ.எஸ்.ஐ.யில் எழுத்தே இல்லை என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். ஒரு எழுத்து வித்தியாசத்தால் பணம் திரும்பிப் போய் இரண்டு மாதம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஆதாரில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் மாற்றுங்கள்.

இரண்டாவது, பழைய எண். சிப்காட்டில் வேறு ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தபோதே அவருக்கு இ.எஸ்.ஐ. எண் வந்திருக்கும். நம்மிடம் சேர்ந்தபோது அதைக் கேட்காமல் புதிதாக ஒன்று போட்டிருப்போம். பங்களிப்பு இரண்டு எண்ணில் பிரிந்து கிடக்கும், இரண்டிலும் 70 வராது. "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தம்மா, இ.எஸ்.ஐ. கார்டு இருக்கா?" என்று சேரும் நாளிலேயே கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இப்போது தெரிந்தால் கிளை அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். இதற்கு நாளாகும், அதனால்தான் இது ஐந்தாம் மாத வேலை.

வங்கிக் கணக்கில் கடைசியாக எப்போது பணம் வந்தது என்றும் கேளுங்கள். நீண்ட நாள் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். வங்கி இணைப்பால் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டும்.

6. தாய் வீட்டுக்குப் போகும் முன் டிஸ்பென்சரி சான்று

வளைகாப்பு முடிந்ததும் பென்னாகரத்துக்கோ அரூருக்கோ பாப்பிரெட்டிப்பட்டிக்கோ தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவருடைய பெயர் பதிவான இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி ஓசூரில் இருக்கும். எட்டாம் மாதத்தில் பஸ் ஏறி ஓசூர் வந்து போகச் சொல்வது கொடுமை. அதனால் கிளம்புவதற்கு முன்பே டிஸ்பென்சரியில் கர்ப்பத்தைப் பதிவு செய்து, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கான சான்றை வாங்கிவிடச் சொல்லுங்கள். அதற்கு அரை நாள் சம்பளத்தோடு அனுமதி கொடுங்கள். நீங்கள் செய்யும் செலவுகளில் மிகச் சிறியது இதுதான், அதிகம் மிச்சப்படுத்துவதும் இதுதான்.

லீவு மொத்தம் 26 வாரம், அதாவது 182 நாள். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்தால் 12 வாரம், முன்னால் 6 வாரம். சான்றில் இருக்கும் தேதிக்கும் உங்கள் வருகைப் பதிவேட்டில் கடைசியாக வேலை பார்த்த நாளுக்கும் முரண் இருக்கக் கூடாது. "நாளைலருந்து வரலண்ணா" என்று போனில் சொன்ன நாளை அப்படியே விட்டுவிடாமல், லீவுக் கடிதம் ஒன்றை எழுதி வாங்கித் தேதி போட்டு வையுங்கள்.

கருச்சிதைவு ஆனவருக்கும் 6 வாரம் உண்டு. இதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை, முதலாளிகள் கேட்பதில்லை. அந்த ஆறு வாரமும் சம்பளமில்லா லீவாகப் போய்விடுகிறது. மேற்பார்வையில் இருக்கும் ஒரு பெண் மூலமாக இந்த உரிமையை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நடந்த பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

7. மாதாந்திரத் தாக்கலில் பூஜ்யம் போடும் இடம்

பாதித் தாமதம் இங்கேதான் பிறக்கிறது. லீவில் இருக்கும் மாதத்தில் இ.எஸ்.ஐ. தளத்தில் அவருக்கு வேலை நாள் பூஜ்யம், சம்பளம் பூஜ்யம் என்று போடுவீர்கள். உடனே காரணம் கேட்கும். பட்டியலில் "விடுப்பில்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகக் கணக்கெழுத வந்த பிள்ளைகள் அவசரத்தில் "வேலையை விட்டுவிட்டார்" என்பதைத் தட்டிவிடுகிறார்கள். அதோடு அவர் உங்கள் பட்டியலிலிருந்து போய்விடுவார். அதைத் திருத்த வேண்டிய கடிதமும் அலைச்சலும் உங்கள் தலையில். பிரசவ லீவில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற சட்டமும் இருப்பதால், அந்த ஒரு தட்டு உங்களுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும்.

லீவு தொடங்கிய மாதத்தில் உண்மையில் வேலை பார்த்த நாளும் அதற்கான சம்பளமும் மட்டும் போகட்டும். வருங்கால வைப்பு நிதித் தாக்கலிலும் இதே கவனம் வேண்டும்: பங்களிப்பில்லாத நாள்களைக் காட்டுங்கள், வேலையை விட்ட தேதியைப் போடாதீர்கள்.

தீபாவளி போனஸ் லீவுக்குள் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை இ.எஸ்.ஐ. தாக்கலில் சம்பளமாக ஏற்றாதீர்கள். ஆண்டு போனஸ் இ.எஸ்.ஐ. கணக்கில் சம்பளமாக வராது. பூஜ்ய நாளுக்கு எட்டாயிரம் சம்பளம் என்று ஏறினால் கிளை அலுவலகம் சந்தேகப்படுவது நியாயம்தானே?

தாக்கலும் பணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முடியட்டும்.

8. அட்வான்ஸ் கொடுங்கள், சம்பளமாகக் கொடுக்காதீர்கள்

மகப்பேறு உதவித்தொகை, அவர் கூலி பெற்று வேலை செய்யாத நாள்களுக்குத்தான். நீங்கள் மனிதாபிமானத்தில் மாதச் சம்பளத்தைச் சம்பளமாகவே போட்டுத் தாக்கலும் செய்தால், காகிதத்தில் அவர் வேலை பார்த்ததாக ஆகிவிடும். மனு நிராகரிக்கப்படும், அல்லது பணம் வந்த பிறகு திருப்பிக் கேட்பார்கள். ஒரு தையல் கூடத்தில் நான்கு மாதம் இப்படிச் சம்பளம் போட்டுவிட்டார்கள். அந்தத் தாக்கலை நான்தான் சரிபார்த்தேன்; எனக்கும் அப்போது இந்த விஷயம் உறைக்கவில்லை. அந்தப் பெண்ணின் உதவித்தொகையை மீட்க நாங்கள் சம்பளப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பல முறை நடக்க வேண்டியதாயிற்று. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

எனவே பணம் கொடுப்பது வட்டியில்லா அட்வான்ஸாக இருக்கட்டும். செய்ய வேண்டிய முறை இது.

முதலில் அவருக்கு வரப்போகும் தொகையைக் கணக்கிடுங்கள். தினசரி விகிதம், உரிய பங்களிப்புக் காலத்தில் கொடுத்த மொத்தச் சம்பளத்தை அந்தக் காலத்தில் சம்பளம் கொடுத்த நாள்களால் வகுத்து வருவது. மேலே சொன்ன உதாரணத்தில் 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 13,800 வீதம் ஆறு மாதத்துக்கு 82,800 ரூபாய். நாள்கள் 183. ஒரு நாளுக்குச் சுமார் 452 ரூபாய். 182 நாளுக்குச் சுமார் 82,300 ரூபாய். அக்டோபரில் நீங்கள் கொடுத்த சம்பள உயர்வு இதில் வராது. இதைத் தெரியாமல் புதிய சம்பளத்தை வைத்து அட்வான்ஸ் கொடுத்தால் வருவதைவிட அதிகம் கொடுத்திருப்பீர்கள், திருப்பிக் கட்ட முடியாமல் அவர் தவிப்பார்.

இரண்டாவது, முழுவதையும் கொடுக்காதீர்கள். நான் சொல்லும் அளவு, வரப்போகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள். இந்த உதாரணத்தில் 10,000 வீதம் மூன்று தடவை. லீவு தொடங்கும்போது ஒன்று, பிரசவத்தின்போது ஒன்று, அதற்கடுத்த மாதம் ஒன்று. பிரசவ நேரத்துச் செலவுதான் பெரிய கழுத்துப்பிடி. அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் வண்டி வாடகை, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, பால், மருந்து என்று போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, வவுச்சரில் "சம்பளம்" என்ற சொல்லே வரக் கூடாது. "வட்டியில்லாக் கைக்கடன், வேலைக்குத் திரும்பிய பின் மாதத் தவணையில் கழிக்கப்படும்" என்று தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகல் அவரிடம் போகட்டும். பணத்தை வங்கி மூலமாக அவருடைய கணக்குக்கே அனுப்புங்கள். மாமியார் கையில் கொடுத்தனுப்பிய பணம் பற்றிய வழக்கு எதுவும் இனிமையாக முடிந்ததில்லை.

நான்காவது, கணக்குப் புத்தகத்தில் இது தொழிலாளர் முன்பணம் என்ற தலைப்பில் நிற்கட்டும். சம்பளச் செலவில் கலந்துவிட்டால் ஆண்டு முடிவில் இ.எஸ்.ஐ. ஆய்வாளர் வந்து சம்பளச் செலவையும் தாக்கலையும் ஒப்பிடும்போது பங்களிப்பு கேட்பார்.

9. மனுவைப் பகுதி பகுதியாகப் போடுங்கள்

26 வாரமும் முடிந்து ஒரேயடியாக மனு போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கழியும் காலத்துக்கு அவ்வப்போது கேட்கலாம். மகப்பேறு உதவித்தொகைக்கான மனுவும் மீண்டும் வேலைக்குச் சேரும் அறிவிப்பும் சேர்ந்தது படிவம் 19. காப்பீடு பெற்ற பெண்ணின் சொந்த லாகினிலிருந்து இணையத்திலும் கேட்கலாம். உங்கள் நிறுவன லாகினிலிருந்து இதைச் செய்ய முடியாது. ஆகவே அவருடைய லாகினை லீவுக்கு முன்பே உருவாக்கி, ஒரு தடவை உள்ளே போய் வரச் சொல்லிக்கொடுங்கள். கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிரசவம் ஆனதும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பிறப்புச் சான்றிதழையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகுதான் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று பாட்டிகள் நிறுத்திவைப்பார்கள். பெயரில்லாமலும் சான்றிதழ் கிடைக்கும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்ப காலத்தில் கிராம செவிலியர் போட்டுக்கொடுக்கும் ஆர்.சி.எச். எண் கேட்பார்கள், அதையும் கோப்பில் எழுதி வையுங்கள்.

மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இதிலிருந்து வேறு. "செவிலியர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்" என்று அவர் சொன்னால் அது அந்த நிதியுதவிக்கான பதிவாக இருக்கும். இ.எஸ்.ஐ. மனு தனி.

10. உங்கள் பக்கம் வரும் படிவம் 10

மனு போனதும் அந்தப் பெண் அந்த நாள்களில் வேலைக்கு வரவில்லைதானா என்று கேட்டுக் கிளை அலுவலகம் உங்களுக்கு அனுப்பும். அதுதான் படிவம் 10. இது பல நேரம் யாரும் திறக்காத பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. முதலாளி "இ.எஸ்.ஐ.ல இழுக்கறாங்க" என்பார், அலுவலகத்தில் "உங்க கம்பெனிதான் பதில் போடல" என்பார்கள். இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பதிவு செய்த மின்னஞ்சலை வாரம் இருமுறை பாருங்கள். பதிலை அன்றே வருகைப் பதிவேட்டின் நகலோடு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

11. இவ்வளவும் செய்தும் பணம் வராவிட்டால்

எல்லாச் சான்றும் சேர்ந்த மனு கொடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மகப்பேறு உதவித்தொகையின் முதல் தொகை கொடுக்கப்பட வேண்டும் என்று இ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறை 52 சொல்கிறது. இந்த 14 என்ற எண்ணை மனதில் வையுங்கள். கோபத்தோடு போய்ப் பேசுவதைவிட, "இந்தத் தேதியில் மனு, இந்தத் தேதியில் படிவம் 10-க்குப் பதில், இன்றோடு இத்தனை நாள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது வேகமாக வேலை செய்கிறது.

முதலில் கிளை மேலாளர். என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். "சர்வர் பிரச்சனை" என்றால் மனு எண்ணைச் சொல்லி அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1800-11-2526 என்ற இ.எஸ்.ஐ. கழகத்தின் கட்டணமில்லா எண். பிறகு மத்திய அரசின் இணையக் குறைதீர்ப்புத் தளம். அதில் புகார் அந்தப் பெண்ணின் பெயரில் போக வேண்டும், நீங்கள் தட்டச்சு செய்து உதவலாம். கடைசி வழி ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம். உதவித்தொகை கேட்கும் உரிமைக்கு, அது உரியதான நாளிலிருந்து 12 மாதம் என்ற வரம்பு இருப்பதால் மனுவே போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

12. 21,000-க்கு மேல் வாங்குபவருக்கு நீங்களே கொடுக்கும்போது

மாதம் 24,000 வாங்கும் மேற்பார்வையாளருக்கு 26 வாரம் என்றால் கிட்டத்தட்ட 1,44,000 ரூபாய். பத்து பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் இது பெரிய அடி, அதை மறைக்க வேண்டியதில்லை. கர்ப்பத்துக்கான சான்று கொடுத்ததும் பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். இலவச மருத்துவக் கவனிப்பு நீங்கள் தராவிட்டால் மருத்துவ போனஸ் 3,500 ரூபாய் கூடுதல்.

பிரசவச் சான்று வந்த இரண்டு நாளில் பெருந்தொகை தேவைப்படும் என்பதால் ஐந்தாம் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் மாதாமாதம் ஒதுக்குங்கள். இ.எஸ்.ஐ. பெண்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கும் இதே கணக்கு உதவும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் லீவில் போனால் தலா 30,000 வீதம் 60,000 ரூபாய் மாட்டிக்கொள்ளும். மாதம் 2,500 வீதம் இரண்டு ஆண்டு ஒதுக்கினால் அந்த நிதி உருவாகிவிடும். ஜி.எஸ்.டி.க்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் வைத்த பணத்தை "பத்து நாள்ல போட்டுடலாம்" என்று எடுக்காதீர்கள். அந்தப் பத்து நாள் வந்ததே இல்லை, வட்டியும் அபராதமும் தவறாமல் வந்திருக்கின்றன.

இ.எஸ்.ஐ. பெண்ணின் இடத்தில் மாற்றாள் போடும்போது பயப்பட வேண்டியதில்லை. லீவில் இருப்பவருக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பதில்லை, அதே தொகை மாற்றாளுக்குப் போகும். மாற்றாளை எடுக்கும்போது இத்தனை மாதத்துக்கு என்று எழுதியே எடுங்கள். திரும்பி வரும் பெண்ணின் மிஷினில் வேறு ஒருவர் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால், அவர் வேலையை இழந்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

13. திரும்பி வந்த பின் அட்வான்ஸைக் கழிப்பது

பிரசவம் ஆன ஆறு வாரத்துக்குள் அவரை வேலைக்குக் கூப்பிடவே கூடாது. அவராகவே வந்தாலும் வேலை கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு, லீவு முடியும் முன் வர விரும்பினால், சேரும் நாளை எழுத்தில் வாங்கி அந்த நாளிலிருந்து உதவித்தொகை நிற்கும் என்று புரியவையுங்கள்.

இ.எஸ்.ஐ. பணம் வந்ததும் முழு அட்வான்ஸையும் ஒரே தடவையில் அவரே கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். கேட்டு நெருக்காதீர்கள், அந்தப் பணத்தில் கம்மலை மீட்டிருப்பார், குழந்தையின் ஆஸ்பத்திரிக் கடனை அடைத்திருப்பார். சம்பளத்தில் கழிப்பதானால் மொத்தக் கழிப்புகள் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நான் மாதம் 2,000 முதல் 2,500 வரைதான் எழுதச் சொல்கிறேன். 30,000 ரூபாய் 12 முதல் 15 மாதத்தில் முடிந்துவிடும்.

திரும்பி வராமல் போய்விட்டால்? நடக்கும். பத்தில் ஒருவரிடம் நடக்கும் என்று வைத்துக்கொண்டே நிதியை ஒதுக்குங்கள். வவுச்சரும் வங்கிப் பரிமாற்றமும் இருப்பதால், கணக்கு முடிக்கும்போது அவருக்குச் சேர வேண்டிய தொகையில் அவர் ஒப்புதலோடு சரிசெய்யலாம். மிச்சத்தை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. பணம் கேட்டு ஆள் அனுப்பிய பட்டறைக்கு அந்த ஊரிலிருந்து அடுத்த வருடம் வேலைக்கு ஒரு பெண்ணும் வரவில்லை.

திரும்பி வந்தவருக்குக் குழந்தை 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு இருப்பவர் அந்த நேரத்தில் போய் வரட்டும். பஸ்ஸில் வருபவருக்குக் கதவு உள்ள ஒரு சிறு அறையும் பால் எடுத்து வைக்க ஒரு சிறிய ஃபிரிட்ஜும் போதும். வருகைப் பதிவேட்டில் அந்த நேரத்தைக் கழிக்கக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.